டொரதி புரூக் வாங்கிய 5,000 குதிரைகள்

கொஞ்சக் காலமாக எங்கடை பிள்ளைகளின் கைபேசிகளில் ஒரு வகைக் காணொளி அடிக்கடி வந்து போகிறது. விலா எலும்பு தெரியிற ஒரு குதிரை. அதன் முதுகில் ஒட்டின ஒரு இலக்கம். வெள்ளிக்கிழமைக்குள் இவ்வளவு டொலர் சேராவிட்டால் இறைச்சிக்குப் போய்விடும் என்ற அறிவிப்பு. கீழே காசு அனுப்புகிற வழி. இங்கே லோறென்ஸ்கூக்கில், லொஸ்பிப் பக்கம் குதிரை ஓடப் பழகிற பிள்ளைகள் எங்கடை ஆக்களிலும் இருக்கினம். அந்தப் பிள்ளைகளுக்கு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க ஏலாது. கைச்செலவுக் காசில் 200 குரோணரை அனுப்பிவிடுவார்கள். தாய் தகப்பன் கேட்டால், ஒரு உயிரைக் காப்பாற்றினது பிழையா என்று திருப்பிக் கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. வதைபடுகிற குதிரையைக் காசு கொடுத்து வாங்கி, வேறு இடத்தில் வாழ வைப்பது நல்ல காரியமா? அல்லது, வதைக்கிறவனுக்கே காசைக் கொடுத்து அடுத்த குதிரைக்கு வழி பண்ணுகிற காரியமா? என்னைப் பொறுத்தவரையில், புத்தகத்தில் இருந்து எழுதின தத்துவத்தைவிட, இதை உண்மையிலேயே செய்து பார்த்த ஒருவரின் வாழ்க்கை கூடுதலாகச் சொல்லித் தருகிறது. அவர் பெயர் டொரதி புரூக். குதிரை உலகத்தில் இந்தப் பெயரைத் தெரியாத ஆக்கள் குறைவு. எங்கடை ஆக்களுக்குள் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

விற்றுவிட்டுப் போன குதிரைகள்

டொரதி 1883இல் பிறந்தவர். ஸ்கொட்லாந்து மேட்டுக்குடிக் குடும்பத்துப் பெண். முதல் திருமணம் முறிந்தது. 1926இல் ஜெஃப்ரி புரூக் என்ற பிரித்தானியக் குதிரைப்படை அதிகாரியை மறுமணம் செய்தார். கணவர் குதிரையேற்றத்தில் பெயர்பெற்றவர், அது பற்றி நூல்களும் எழுதியவர். 1930இல் எகிப்தில் இருந்த பிரித்தானியக் குதிரைப்படைப் பிரிவுக்கு அவர் தளபதியாக நியமிக்கப்பட்டபோது, டொரதியும் கெய்ரோவுக்குப் போனார். அப்போது அவருக்கு 47 வயது. அந்தக் காலத்து அதிகாரிகளின் மனைவிமார் தேநீர் விருந்தும் கழகமுமாகக் காலத்தைப் போக்குவது வழக்கம். இவருக்கோ வேறொரு யோசனை இருந்தது. யுத்தத்துக்குக் கொண்டுபோன குதிரைகளுக்கு என்ன நடந்தது என்று தேட வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள 12 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். முதலாம் உலகப் போரில் சினாய், பாலஸ்தீனப் போர்முனைகளில் குதிரை இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பல நாடுகளில் இருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறக்கப்பட்டன. 1917 ஒக்ரோபர் 31இல் பீர்ஷெபாவில் அவுஸ்திரேலியக் குதிரைவீரர்கள் பாய்ந்த பாய்ச்சலைப் பற்றி இன்றைக்கும் எழுதுகிறார்கள். 1918 செப்ரெம்பரில் ஹைஃபாவைப் பிடித்ததில் எங்களுக்குப் பக்கத்து மைசூர்க் குதிரைப்படைக்கும் ஜோத்பூர்க் குதிரைப்படைக்கும் பங்கு இருந்தது. பாலைவனத்தில் நாள்கணக்காகத் தண்ணி இல்லாமல் நடந்தும், குண்டுச் சத்தத்துக்குள் நின்றும் பழகின மிருகங்கள் அவை.

யுத்தம் முடிந்தது. வீரர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். குதிரைகளைத் திருப்பிக் கொண்டுபோகக் கப்பல் செலவு அதிகம். நோய் பரவிவிடும் என்று அவுஸ்திரேலியா உள்ளே விடவும் இல்லை. அந்த நாட்டில் இருந்து போர்க்களங்களுக்கு அனுப்பப்பட்ட 136,000 குதிரைகளில் ஊர் திரும்பியது ஒன்றே ஒன்று. ஒரு தளபதியின் குதிரை, பெயர் சாண்டி. வயது போனவற்றைச் சுட்டார்கள். மிச்சத்தில் ஒரு பகுதியை வேறு படைப்பிரிவுகளுக்குக் கொடுத்தார்கள். எகிப்தில் இருந்த சுமார் 20,000 குதிரைகளை அங்கேயே விற்றார்கள். அரசாங்கத்துக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவு. சில வீரர்கள் தங்கள் குதிரை அந்நியன் கைக்குப் போகக்கூடாது என்று தாங்களே சுட்டுவிட்டுப் போனார்கள் என்ற கதைகளும் உண்டு.

பழைய பில்

டொரதி கெய்ரோ வந்தபோது அந்தக் குதிரைகள் கண்ணுக்கு முன்னால்தான் நின்றன. கல் வண்டில் இழுத்தன, மண் சுமந்தன, கிடங்கில் வேலை செய்தன. பெரும்பாலானவை 20 வயதைத் தாண்டியவை. மனிதக் கணக்கில் சொன்னால் பேரப்பிள்ளைகளோடு முற்றத்தில் இருக்க வேண்டிய வயது. பலவற்றுக்குக் கண் தெரியாது. கால் வீங்கி, முதுகு புண்ணாகி, நடக்கும்போதே தள்ளாடின. உடம்பில் பிரித்தானிய இராணுவத்தின் அம்புக்குறிச் சூடு மட்டும் அழியாமல் இருந்தது. அதை வைத்துத்தான் அவர் ஆளை அடையாளம் கண்டார்.

கெய்ரோவில் ஏற்கெனவே ஒரு விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இருந்தது. அதன் மூலம் அவர் முதலில் வாங்கின குதிரைக்குப் பழைய பில் என்று பெயர். அந்தக் குதிரைக்குச் செய்யக்கூடிய ஒரே நன்மை, அதன் வேதனையை நிற்பாட்டுவதுதான். அதைச் செய்தார்கள். அங்கேயே அவருக்கு விளங்கியது, இது ஒரு குதிரையின் கதை அல்ல, இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று.

தன் கைக்காசு எத்தனை குதிரைக்குப் போதும்? 1931இல் லண்டனில் வெளிவந்த மோர்னிங் போஸ்ட் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நாங்கள் விட்டுவிட்டு வந்த குதிரைகள் இந்த நிலையில் கிடக்கின்றன, அவற்றை வாங்குவதற்கு உதவுங்கள் என்பதுதான் சாரம். வாசகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்துக்குக் கிடைத்த காசு இன்றைய மதிப்பில் சுமார் 20,000 பவுண்ஸ் என்று அவர் பெயரில் இயங்கும் அமைப்பு எழுதியிருக்கிறது. கொடுத்தவர்களில் அந்தப் போர்முனைகளில் இருந்து திரும்பி வந்த பழைய வீரர்களும் இருந்தார்கள். தன் உயிரைச் சுமந்த மிருகம் எங்கோ ஒரு கல்லுக் கிடங்கில் நிற்கக்கூடும் என்று வாசித்த ஒருவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு குழு அமைத்தார். தொழுவம் ஒன்று எடுத்தார். கிழமைக்கு ஒரு நாள் குதிரை வாங்கும் நாள். செய்தி பரவ, வண்டில்காரர்கள் தாங்களே குதிரையைக் கொண்டுவந்து நின்றார்கள். மூன்று ஆண்டுக்குள் 5,000 பழைய யுத்தக் குதிரைகளை வாங்கி முடித்தார்.

வாங்கினதன் பிறகு என்ன?

இங்கேதான் இன்றைய பிள்ளைகளுக்கு மனம் இடறுகிற இடம் வருகிறது. அந்த 5,000இல் மிகப் பெரும்பாலானவை புது வீட்டுக்குப் போகவில்லை. பச்சைப் புல்வெளிக்கும் போகவில்லை. தொழுவத்தில் வைக்கோல் மெத்தையும் நிறையத் தீனும் தண்ணியும் கொடுத்து, கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்து, பிறகு நோவில்லாமல் கொன்றார்கள். பல ஆண்டுகளாகப் படுத்து எழும்ப இடம் இல்லாத மிருகங்கள் அந்தக் கடைசி நாட்களில்தான் காலை நீட்டிப் படுத்தன.

எங்கடை மரபில் கொல்லாமை பெரிய அறம். காசு கொடுத்து வாங்கிப் போட்டுக் கொல்லுறதா, அதுக்கு வாங்காமலே இருந்திருக்கலாமே என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே காலத்தில், கொல்லாமையைத் தன் வாழ்க்கையாகவே வைத்திருந்த ஒருவரும் இதே இடத்தில் நின்றிருக்கிறார். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி தீராத நோயில் துடித்தபோது, வைத்தியரைக் கூப்பிட்டு ஊசி போட்டு அதன் வேதனையை முடிக்கக் காந்தி சம்மதித்தார். நாடு முழுக்கக் கண்டனம் வந்தது. அவர் பின்வாங்கவில்லை. வேதனைக்கு முடிவு இல்லை, வேறு வழியும் இல்லை, செய்கிறவருக்கு அதில் எந்தச் சுயநலமும் இல்லை என்றால், சாகவிடாமல் வைத்திருப்பதும் ஒரு வன்முறைதான் என்பது அவர் எடுத்த நிலை. சரி பிழையை அவரவர் யோசிக்கட்டும். டொரதியின் தொழுவத்தில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்லுறது.

இதைவிட இன்னொரு விசயமும் இருக்கிறது. அவர் வாங்கின 5,000 கிழட்டுக் குதிரைகளையும் உயிரோடு வைத்திருக்க முயன்றிருந்தால், காசு முதல் இருநூறு முந்நூறு குதிரைகளோடு தீர்ந்திருக்கும். மிச்சம் 4,700 கல் வண்டிலிலேயே விழுந்து செத்திருக்கும். முதலில் கண்ணில் பட்டதுக்கு எல்லாம், மிச்சத்துக்கு ஒன்றுமில்லை என்று அவர் முடிவெடுக்கவில்லை. இது நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு செய்ய வேண்டிய கணக்கு. குதிரையைக் காதலிக்கிற ஒரு பெண், கிழமைக்குக் கிழமை அந்தக் கணக்கைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் தானே பார்த்து, தானே முடிவெடுத்தார்.

வண்டில்காரனின் பக்கம்

கதையைக் கேட்கிற ஆக்கள் இலகுவாகக் கோபப்படுவது கெய்ரோ வண்டில்காரனில். குருட்டுக் குதிரையை அடித்து வேலை வாங்கினவன் அவன்தானே. ஆனால் எங்களில் எத்தனை பேர் மாட்டு வண்டில் ஓடின வீட்டில் இருந்து வந்திருக்கிறோம்? வண்டில் மாடு படுத்தால் வீட்டில் அடுப்பு படுக்கும் என்பது எங்கடை பேரன்மாருக்குத் தெரிந்த பாடம். 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் எகிப்தின் பருத்தி விலை அடிபட்டது. கூலிக்கு வண்டில் ஓட்டினவனுக்குத் தன் பிள்ளைக்கே சாப்பாடு இல்லாத காலம். குதிரைக்கு நல்ல தீன் எங்கே இருந்து வரும்?

டொரதிக்கு இது விளங்கினது என்பதுதான் அவரை மற்ற நல்ல மனசுக்காரரிடம் இருந்து பிரிக்கிறது. அவர் பொலிசைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பறிக்கவில்லை. விலை பேசி வாங்கினார். உழைக்கிறவனின் வயிற்றில் அடிக்காத விலை கொடுக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தார். தான் வாங்குவது ஒரு குடும்பத்தின் சீவியத்தை என்று அவருக்குத் தெரியும். தன் குதிரையை விட்டுப் பிரிய மனமில்லாமல் நின்ற சொந்தக்காரர்களையும் அவர் கண்டார். கொடுமைக்காரன் என்று ஒரே வர்ணத்தில் எல்லாரையும் பூச அவரால் முடியவில்லை.

இதுக்கு மேலே இன்னொன்று. அந்தக் குதிரையை அந்த ஏழையின் கையில் விற்றது யார்? பிரித்தானிய அரசாங்கம். நாட்டை ஆண்டதும் அவர்கள், யுத்தத்தைக் கொண்டுவந்ததும் அவர்கள், குதிரையை விற்றுக் காசு எடுத்ததும் அவர்கள். அதனால், டொரதியும் மோர்னிங் போஸ்ட் வாசகர்களும் கொடுத்த காசை நான் தர்மம் என்று சொல்ல மாட்டன். அது கடன் அடைப்பு. 1919இல் விற்று எடுத்த காசை 1931இல் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கடனைக் கட்டுகிறவன் கடைக்காரனுக்கு உபதேசம் பண்ண ஏலாது. அவரிடம் இருந்த அடக்கம் இந்த உணர்வில் இருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

1934: வாங்குவதை நிறுத்திய ஆண்டு

டொரதியின் வாழ்க்கையில் நான் ஆகக் கூடுதலாக மதிக்கிறது 5,000 என்ற எண்ணை அல்ல. அந்த எண்ணுக்குப் பிறகு அவர் எடுத்த முடிவை.

யுத்தக் குதிரைகள் முடிந்தன. பேர், புகழ், நன்கொடை எல்லாம் இருந்தது. அப்படியே தொடர்ந்து கெய்ரோவின் மற்ற நோஞ்சான் குதிரைகளையும் கழுதைகளையும் வாங்கிக்கொண்டே போயிருக்கலாம். பத்திரிகைகளில் இன்னும் பத்து ஆண்டுக்குக் கடிதம் எழுதியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 1934இல் கெய்ரோவில் பழைய யுத்தக் குதிரை நினைவு வைத்தியசாலை என்ற பெயரில் ஒரு மிருக வைத்தியசாலையைத் திறந்தார். வேலை செய்கிற எந்தக் குதிரைக்கும் கழுதைக்கும் இலவச வைத்தியம். வண்டில்காரன் தன் மிருகத்தைக் கொண்டுவரலாம், மருந்து கட்டலாம், திரும்பக் கொண்டுபோகலாம். குதிரை அவனுடையதாகவே இருக்கும்.

ஏன் இந்த மாற்றம்? யுத்தக் குதிரைகளின் எண்ணிக்கைக்கு ஒரு அடி இருந்தது. 1919இல் விற்கப்பட்டவை இவ்வளவுதான். அம்புக்குறிச் சூடு உள்ள புதுக் குதிரை ஒன்று இனி யாராலும் உண்டாக்க முடியாது. ஒவ்வொன்றாக வாங்க வாங்க, கிணறு வற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் முடியும். சாதாரண வண்டில் குதிரை அப்படி அல்ல. ஒன்றை வாங்கினால், அந்தக் காசில் அவன் இன்னொன்றை வாங்குவான். அதுவும் அதே வண்டிலில், அதே கல்லோடு, அதே தீன் இல்லாத இரவுகளோடு சில ஆண்டில் அதே நிலைக்கு வரும். நோஞ்சான் குதிரைக்கு நல்ல விலை கிடைக்கிறது என்ற செய்தி பரவினால், குதிரையை நோஞ்சான் ஆக்குவதே ஒரு வியாபாரம் ஆகிவிடும். ஊற்று இருக்கிற கிணற்றை வாளியால் இறைத்து வற்ற வைக்க முடியுமா?

ஆகவே, குதிரையை மாற்றுவதை விட்டு, குதிரை நிற்கிற இடத்தை மாற்றப் புறப்பட்டார். அந்த வைத்தியசாலை இன்றைக்கும் கெய்ரோவில் இயங்குகிறது. டொரதி 1955இல் காலமானார். அவருக்குப் பிறகு அந்த வேலை அவருடைய பெயரிலேயே புரூக் என்ற பெரிய சர்வதேச அமைப்பாக வளர்ந்தது. இந்தியாவிலும் பாக்கிஸ்தானிலும் செங்கற்சூளைகளில் சுமக்கிற குதிரை, கோவேறு கழுதைகளோடும் அவற்றை வைத்திருக்கிற குடும்பங்களோடும் அது வேலை செய்கிறது. சேணம் எப்படிக் கட்டுவது, புண்ணை எப்படிக் கழுவுவது, லாடம் அடிக்கிறவருக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது, தண்ணி எப்போது காட்டுவது என்பதுதான் வேலை. மிருகங்களை வாங்கிக் காப்பகத்தில் சேர்ப்பது அதன் வழி அல்ல. குதிரை வாங்கித் தொடங்கின ஒரு அமைப்பு, குதிரை வாங்காமல் இருப்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. நாங்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

இன்றைய கைபேசிக் குதிரைகள்

இனித் திரும்பவும் எங்கடை பிள்ளைகளின் காணொளிகளுக்கு வருவோம். அமெரிக்காவில் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007இல் மூடப்பட்டன. அதன் பிறகு இறைச்சிக்குப் போகிற குதிரைகள் மெக்சிக்கோவுக்கும் கனடாவுக்கும் லொறியில் ஏற்றப்பட்டன. ஏலத்தில் மலிவாக வாங்கி எல்லைக்கு அனுப்புகிற வியாபாரிகளின் பட்டியில் நிற்கிற குதிரைகளைத்தான், பிணை கட்டி மீட்கச் சொல்லிச் சமூக ஊடகங்களில் போடுகிறார்கள். பல இடங்களில் கேட்கிற விலை, இறைச்சிக்குக் கிடைக்கிற விலையைவிட அதிகம். வியாபாரிக்கு இரண்டு வாடிக்கையாளர்: ஒருவர் இறைச்சிக்காரர், மற்றவர் இரக்கமுள்ளவர். இரண்டாவது ஆள் கூடுதல் விலை கொடுக்கிறார். அவர் கொடுத்த காசோடு வியாபாரி அடுத்த ஏலத்துக்குப் போகிறார். லொறியில் அந்த இடம் வெறுமையாகப் போவதில்லை.

இது குதிரைக்கு மட்டும் உள்ள கதை அல்ல. புண்ணியத்துக்காகக் கூட்டில் இருந்து குருவியை வாங்கிப் பறக்கவிடுகிற வழக்கம் ஆசிய நாடுகளில் உண்டு. பறக்கவிடுகிற ஆக்கள் கூடக் கூட, பிடிக்கிற ஆக்களும் கூடினார்கள். இறைச்சிக்குப் போகிற மாட்டை விலை கொடுத்து மீட்பது எங்கடை கோயில் ஊர்களிலும் நடக்கிறது. மீட்ட மாடு அடுத்த வருசம் எங்கே நிற்கிறது, தீனுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், எல்லா இடத்திலும் பதில் கிடைக்காது.

அப்போ உதவவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. டொரதியின் வாழ்க்கையில் இருந்து மூன்று கேள்விகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, இந்தக் காசு போன பிறகு அந்த இடத்துக்கு இன்னொரு குதிரை வருமா? வராது என்றால், அதாவது தொழுவமே மூடப்படுகிறது, சொந்தக்காரர் வயது போய் விடுகிறார், அல்லது அதிகாரிகள் மிருகம் வைத்திருக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்றால், வாங்குவது நல்லது. கிணற்றுக்கு அடி இருக்கிறது. வரும் என்றால், நாங்கள் ஒரு குதிரையின் முகத்தை மாற்றியிருக்கிறோம், எண்ணிக்கையை அல்ல.

இரண்டாவது, காசு யாரின் கைக்குப் போகிறது? வயிற்றுப்பாட்டுக்குக் குதிரை வைத்திருக்கிற ஏழைக்கா, பட்டினி போட்ட குதிரையைப் படம் எடுத்து விற்கிற வியாபாரிக்கா? முதலாமவருக்குக் குதிரையைவிட மருந்தும் தீனும் கூடுதல் உதவி. இரண்டாமவருக்கு ஒரு குரோணரும் போகக்கூடாது.

மூன்றாவது, வாங்கின பிறகு கடைசி நாள் வரைக்கும் யார் பொறுப்பு? குதிரை 25, 30 ஆண்டுகள் வாழக்கூடியது. 15 வயதுப் பிள்ளை இரங்கி வாங்கின பத்து வயதுக் குதிரை, அந்தப் பிள்ளைக்குத் திருமணம் முடிந்து பிள்ளை பிறந்த பிறகும் வைக்கோல் கேட்கும். வதைபட்டு வந்த குதிரையில் எல்லாரும் ஏற முடியாது. சிலவற்றில் ஒருவரும் ஏற முடியாது. புது வீடு கொடுப்பவர் அது திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்வாரா? நோவு தீராது என்றால் அதை முடிக்கிற துணிவு அவருக்கு இருக்குமா? டொரதிக்கு இருந்தது.

நோர்வேயில் வழி இருக்கிறது

இங்கே வளருகிற பிள்ளைகளுக்கு இன்னொரு விசயத்தைச் சொல்ல வேண்டும். 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நோர்வேயின் விலங்குநலச் சட்டம், மிருகத்துக்கு மனிதனுக்குப் பயன்படுவதற்கு அப்பால் தன்னளவில் ஒரு மதிப்பு உண்டு என்று ஏற்றுக்கொள்கிறது. மிருகம் வதைபடுகிறது அல்லது கடுமையாகப் புறக்கணிக்கப்படுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், மாத்தில்சீனே என்ற உணவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கோ பொலிசுக்கோ அறிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்றில்லை, சட்டப்படி செய்ய வேண்டும். பக்கத்துத் தொழுவத்தில் குதிரை மெலிந்து நின்றால், விலை பேசப் போவதுக்கு முதல் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் இரகசியமாக வாங்கிக்கொண்டு போனால், அந்த ஆள் இன்னொரு குதிரையை வாங்கிக் கட்டுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

எங்கடை ஆக்களில் சிலர் அறிவிப்பதைக் காட்டிக் கொடுப்பதாக நினைக்கினம். நாங்கள் வந்த இடத்தில் அதிகாரியிடம் போவது என்றால் பயம், அதன் காரணம் எங்களுக்குத் தெரியும். ஆனால் இது வேறு நாடு, வேறு காரியம். அதிகாரிகள் வந்தால் முதலில் நிலைமையைத் திருத்தச் சொல்லுவார்கள். பல நேரங்களில் சொந்தக்காரருக்கு வருத்தம், கடன், தனிமை என்று ஏதாவது இருக்கும். அந்த ஆளுக்கும் உதவி தேவைப்படலாம்.

இன்னொரு பக்கம், ஓட்டப் பந்தய வாழ்க்கை முடிந்த குதிரைகள் ஒஸ்லோவின் பியர்க்கே பந்தயத் திடல் உட்பட நாடு முழுக்க ஒவ்வொரு வருசமும் வெளியே வருகின்றன. அவற்றில் பல இன்னும் இளமையானவை, நோயில்லாதவை. எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் படத்தில் மட்டும் கண்ட குதிரைக்கு விப்ஸ் பண்ணுவதைவிட, பக்கத்தில் நின்று பார்த்து, மிருக வைத்தியரிடம் காட்டி, பழக்கத் தெரிந்தவரோடு சேர்ந்து இப்படி ஒன்றுக்கு வாழ்க்கை கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிற காரியம். அதற்கும் தொழுவ வாடகை, லாடம், பல், புழு மருந்து, பனிக்காலத் தீன் என்று செலவு மாதாமாதம் வரும். கூட்டமாக வாழ்கிற மிருகம், தனியே கட்டவும் கூடாது. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு குதிரையை வைத்திருப்பதில் தவறில்லை.

நெடுந்தீவை மறக்கக்கூடாது

குதிரை என்று கதைத்துவிட்டு நெடுந்தீவைச் சொல்லாமல் விட ஏலாது. ஐரோப்பியர் தங்கள் தேவைக்காகக் கொண்டுவந்து வளர்த்த குதிரைகள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரியின் பேரோடு அந்தக் குதிரை வளர்ப்பு சேர்ந்தே கிடக்கிறது. தேவை முடிந்தது, அவர்கள் போய்விட்டார்கள். குதிரைகள் எங்கடை தீவில் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே பெருகி, காட்டுக் குதிரைகளாக நிற்கின்றன. கெய்ரோவில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள். பேரரசுகள் போகும்போது மிருகங்களை விட்டுவிட்டுத்தான் போகும்.

வரட்சிக் காலங்களில் அந்தக் குதிரைகள் தண்ணி இல்லாமல் செத்த செய்திகள் வந்தபோது, புலம்பெயர் தேசத்தில் இருந்து பலர் உதவ விரும்பினார்கள். அங்கே விலைக்கு வாங்குவதற்குச் சொந்தக்காரர் இல்லை. பிடித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் அது நெடுந்தீவுக் குதிரையாகவும் இருக்காது. அதுக்குத் தேவை தண்ணித் தொட்டியும் தூர் வாரின குளமும் மேய்ச்சல் நிலமும்தான். தீவுச் சனத்துக்கும் அதே தண்ணிதான் பிரச்சினை. சனத்துக்குத் தண்ணி கிடைக்கிற வழியில் குதிரைக்கும் ஒரு பங்கு வைத்தால், இரண்டும் வாழும். டொரதி 1934இல் வந்து சேர்ந்த முடிவும் ஏறக்குறைய இதுதான்: மிருகத்தை அதோடு வாழ்கிற மனிதரிடம் இருந்து பிரித்துக் காப்பாற்ற முடியாது.

ஆகவே, பிள்ளை வந்து காசு அனுப்பலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று வாயை அடைக்காதீர்கள். அந்த இரக்கம் நல்லது, எங்களுக்கு அது இன்னும் தேவை. கூட இருந்து அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். கெய்ரோவில் 47 வயதில் ஒரு பெண் ஒரு கிழட்டுக் குதிரையோடு தொடங்கி, 51 வயதில் ஒரு வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லுங்கள். அனுப்புவதா இல்லையா என்று பிறகு பிள்ளையே முடிவெடுக்கட்டும்.